குறி பார்த்தல்: கண்ணும் கையும் – ஒரு வரலாறு

குறி பார்த்தல் என்பது எட்ட இருக்கும் இலக்கைக் கண்ணால் பற்றி, கையாலோ கருவியாலோ அதைத் தொடும் திறனாகும். கல்லெறிதல், வில், வளரி, துப்பாக்கி, கோலி, கேரம், கூடைப்பந்து, கிரிக்கெட் என்று இதன் வடிவங்கள் பல. இத்திறன் கையில் இருக்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. "அவனுக்குக் கை ராசி", "கை வாகு" என்று இன்றும் சொல்கிறோம். எறிவதற்குச் சற்று முன்னால் கண் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கையின் பயிற்சிக்கு ஈடான பங்கு வகிக்கிறது எனக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. திண்டுக்கல் சமவெளியையும் அதைச் சூழ்ந்த தமிழகத்தையும் மையமாக வைத்து இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்கிறது.

சொல்

தமிழில் 'குறி பார்த்தல்' என்ற தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. வில்லாளி குறி பார்க்கிறான். கோடாங்கியும் குறி பார்க்கிறார். ஒருவர் இலக்கைப் பார்க்கிறார், மற்றவர் வரப்போவதைப் பார்க்கிறார். இது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளரின் கண் என்ன செய்கிறது என்பதைப் படித்த பிறகு, இரண்டு பொருளும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அதைப் பின்னால் காண்போம்.

'நோக்கு' என்றதும் பலருக்கு நோக்கு வர்மம் நினைவுக்கு வரும். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பின் மாணவர்கள் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்வையால் எதிராளியை வீழ்த்துவது பற்றிய நம்பிக்கை அது. இங்கே பேசப்படும் நோக்கு எறிபவரின் கண்ணுக்குள்ளேயே வேலை செய்வது. எதிரே இருப்பவரை அது ஒன்றும் செய்யாது.

பழந்தமிழர் குறி

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாம். மிகைதான். ஆனாலும் ஒரு மன்னனைப் புகழ அவனுடைய குறித்திறனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனத்துக்குரியது. திருக்குறளின் 772ஆம் குறளோ இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. முயலைத் தைத்த அம்பைவிட, யானையைத் தவறவிட்ட வேலே பெருமை தருவது என்பது அதன் கருத்து. போர்வீரனுக்கு அது பொருந்தும். முயல் வேட்டையாடியவரைக் கேட்டால், யானையைவிட முயலை அடிப்பதுதான் கடினம் என்பார். இலக்கு சிறியது, அதுவும் ஓடுவது.

குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்த பெண்களும் குறியாளர்களே. கிளி ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. கவணில் கல் வைத்துச் சுழற்றி எறியும் வழக்கமும் சங்கப் பாடல்களில் உண்டு. ஓசை எழுப்பும் கருவிக்குக் குறி தேவையில்லை, கவணுக்குத் தேவை. சுழலும் கவணின் ஒரு முனையை எந்தக் கணத்தில் விடுவது என்பதில்தான் அதன் நுட்பம் உள்ளது. கண் இலக்கிலேயே நிற்க, விடும் கணத்தைக் கை தானாக அறிய வேண்டும்.

பறவையின் கண்

மகாபாரதத்தில் துரோணர் வைத்த தேர்வை அறியாத தமிழர் இல்லை. மரத்தில் ஒரு செயற்கைப் பறவையை வைத்துவிட்டு, ஒவ்வொரு சீடனையும் அழைத்து என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மற்றவர்கள் மரம், ஆசிரியர், உடன்பிறந்தோர் எல்லாம் தெரிகிறார்கள் என்கிறார்கள். அர்ச்சுனனுக்குப் பறவை மட்டுமே தெரிகிறது. அதிலும் அதன் தலை மட்டுமே. கதை வாய்மொழியாக நம்மிடம் வந்தபோது தலை 'கண்' ஆகிவிட்டது. வகுப்பறையில் நானே எத்தனையோ முறை 'கண்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இலக்கு சிறுத்துக்கொண்டே போனால் குறி கூர்மையாகும் என்பதை நம் கதைசொல்லிகள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

இதே மரபில் இன்னொரு கதையும் உண்டு. தசரதன் ஒலியை மட்டும் கேட்டு அம்பு விட்டான்; யானை நீர் குடிப்பதாக எண்ணி, குடத்தில் நீர் மொண்ட ஓர் இளைஞனைக் கொன்றான். முதல் கதையைப் பள்ளியில் சொல்கிறோம், இரண்டாவதைச் சொல்வதில்லை. குறி தவறாத கையும் கண்ணின் உறுதி இல்லாமல் என்ன செய்யும் என்பதற்கு இரண்டாவது கதைதான் சான்று.

வளரியும் திண்டுக்கல் சமவெளியும்

தமிழகத்தின் தென்பகுதிக்கே உரிய குறிக்கருவி வளரி. வளைதடி என்றும் சொல்வர். பிறை வடிவில் வளைந்த இக்கருவி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செய்யப்பட்டது. ஒரு முனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வேகமேற்றி இலக்கை நோக்கி வீசுவார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் வளரியைப் பற்றிய விரிவான குறிப்பு உண்டு. தேர்ந்தவர்கள் ஒரே வீச்சில் சிறு விலங்குகளையும், ஏன் மனிதரையும்கூட வீழ்த்துவர் என்று புதுக்கோட்டைத் திவான் எழுதியதை அவர் சேர்த்திருக்கிறார். தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த தந்தத்தாலான வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.

வளரி என்றதும் சிவகங்கைதான் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லுக்கும் அதில் பங்கு உண்டு. 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் திண்டுக்கல் சீமைக்குத்தான் வந்தனர். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். திண்டுக்கல் அப்போது ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. 1780இல் சிவகங்கையை மீட்கும்வரை ஏறத்தாழ எட்டாண்டுகள் நாச்சியாரின் படை உருவானது ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடைப்பட்ட இந்தப் பக்கத்தில்தான். வளரி வீசிய கைகள் இந்த மண்ணில் எட்டாண்டு பழகியிருக்கின்றன.

வளரியின் குறித்திறன் பற்றி நேரில் கண்டு எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1795 வாக்கில் மதுரைப் பக்கம் பணியாற்றிய இளம் வயதில் அவர் மருது சகோதரர்களுடன் பழகினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். தேர்ந்த கையில் அந்தத் தடி நூறு கஜத்துக்குள் எந்தத் தொலைவிலும் தப்பாமல் பாயும் என்கிறார். நூறு கஜம் என்பது 91 மீட்டர். இன்றைய ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டரில் நிற்கிறது. அது 122 செ.மீ. அகலப் பலகை, நகராதது. வெல்ஷ் சற்றுக் கூட்டிச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும் ஒப்பீடு வியப்பூட்டுகிறது.

1801இல் அதே வெல்ஷ் தம் ஆசானுக்கு எதிரான படையில் வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் கூட்டமைப்பை நடத்திய கோபால நாயக்கரும் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து அறிக்கை விட்டார். ஒரு குறிக்கலை அழிவதற்குக் கருவியைப் பறித்தால் போதும். நான்கு வயதில் ஓணானை நோக்கிக் குச்சி வீசத் தொடங்கும் பிள்ளைக்கு, அதைத் திருத்திச் சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். இரண்டு தலைமுறை சொல்லாமல் விட்டால் மூன்றாவது தலைமுறைக்கு அது கோவிலில் வைத்து வணங்கும் பொருளாகிவிடுகிறது. சிவகங்கைப் பக்கத்துக் கோவில்கள் சிலவற்றில் வளரி இன்று அப்படித்தான் இருக்கிறது.

பீரங்கி

கண்ணை நம்பிய குறி, கணக்கை நம்பும் குறியாக மாறியதும் இக்காலத்தில்தான். 1755இல் திண்டுக்கல்லின் பவுஜுதாராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையுடன் இங்கே ஆயுதச் சாலையும் பீரங்கிப் படையும் அமைத்தார். மலைக்கோட்டையில் பீரங்கிகளை இன்றும் காணலாம். பீரங்கிக் கணக்கியலுக்கு அடிப்படை இட்ட பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1751இல் இறந்தது கடலூர் புனித டேவிட் கோட்டையில் என்பது பலர் அறியாத செய்தி.

கண்ணசைவை அளந்தவர்கள்

கண்ணின் நடுப்பகுதியால் பார்ப்பதே தெளிவாக இருக்கும் என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் எழுதியிருக்கிறார். கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தளவுதான் உண்மையில் கூர்மையாகத் தெரியும் பரப்பு. ஏறத்தாழ 2 பாகை. மற்றதெல்லாம் மங்கல். மங்கலாக இருப்பதே நமக்குத் தெரியாதபடி கண் நொடிக்கு மூன்று முறைபோலத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும்போது பார்வை ஏறத்தாழ அணைந்துவிடும், நின்றால்தான் தெரியும்.

இந்தத் தாவலைக் கண்டுபிடித்தது விளையாட்டு மைதானத்தில் இல்லை, வாசிப்பில். பாரிசு கண் மருத்துவர் எமீல் ஜவாலின் ஆய்வகம் 1879 வாக்கில், படிப்பவரின் கண் வரியில் வழுக்கிச் செல்வதில்லை, துள்ளித் துள்ளிச் செல்கிறது என்று பதிவு செய்தது. அமெரிக்கர் எட்மண்ட் ஹியூயி, கண்ணின் மேல் சிறு பாரிசுச் சாந்துக் கிண்ணத்தைப் பொருத்தி அதில் நெம்புகோலை இணைத்து அசைவை வரையச் செய்தார். கேட்கவே கண் கூசுகிறது. இன்று கண்ணாடி போல அணிந்துகொள்ளும் சிறு ஒளிப்படக் கருவியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

1899இல் ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலாளர் கண்ணையும் கையையும் சேர்த்து ஆராய்ந்தார். குறித்த நீளத்துக்குக் கோடு போடச் சொன்னார். ஒரு முறை கண் திறந்து, ஒரு முறை மூடி. மெதுவாகப் போடும்போது பார்வை பெரிதும் உதவியது. வேகம் கூடியபோது கண் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாகிவிட்டது. வேகமான அசைவைப் பாதியில் திருத்தக் கண்ணுக்கு நேரம் போதாது. எறிதல் அத்தகைய வேகமான அசைவு. எனவே கண் தன் வேலையைக் கை கிளம்புவதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

அமைதிக் கண்

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் இங்கிருந்துதான் தொடங்கினார் எனலாம். 1992இல் கோல்ஃப் வீரர்களையும், 1996இல் கூடைப்பந்துத் தனி எறிதலையும் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் கண்டதற்கு 'குவயட் ஐ' என்று பெயரிட்டார். அமைதிக் கண் எனலாம். கை இறுதி அசைவைத் தொடங்குமுன், இலக்கின் ஓரிடத்தில் கண் 3 பாகைக்குள் குறைந்தது பத்தில் ஒரு நொடி நிலைத்து நிற்பதே அமைதிக் கண் ஆகும்.

கூடைப்பந்துத் தனி எறிதலில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எறிபவர் நிற்கும் கோடு பலகையிலிருந்து 4.6 மீட்டர். தடுப்பார் யாருமில்லை. தேர்ந்த வீராங்கனைகளின் கண் எறிவதற்கு முன் ஏறத்தாழ ஒரு நொடி வளையத்தில் நின்றது. அடுத்த நிலையில் இருந்தவர்களின் கண் அரை நொடிகூட நிற்கவில்லை. இருவரும் பல்லாண்டு ஆடியவர்கள்தான்.

இன்னொரு முடிவுதான் எனக்கு வியப்பளித்தது. பந்தைத் தூக்கிக் கைகள் பார்வையின் குறுக்கே வரும்போது, தேர்ந்தவர்கள் வளையத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். இமைக்கிறார்கள், வேறெங்கோ பார்க்கிறார்கள். தேர்ச்சி குறைந்தவர்களே கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க முயல்கிறார்கள். 'கடைசிவரை கண்ணை எடுக்காதே' என்று மைதானத்தில் நாங்கள் கத்தியதெல்லாம் எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது என்பது இதனால் தெரிகிறது. கோல்ஃபில் கதை வேறு. அங்கே தேர்ந்தவர்களின் கண் பந்தின் பின்புறத்தில் நின்று, பந்து உருண்டு போன பிறகும் ஒரு கணம் அந்தப் புல்தரையிலேயே நிற்கிறது.

நகரும் இலக்குக்கும் இது பொருந்துமா? பறக்கும் களிமண் தட்டைச் சுடும் வீரர்களை 2010இல் ஜோ காசரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். சிறந்தவர்களின் கண் தட்டை முன்னதாகவே பற்றி நீண்ட நேரம் தொடர்ந்தது. துப்பாக்கியின் அசைவு மற்றவர்களுடையதைவிட நிதானமாக இருந்தது. கண் அவசரப்பட்டு முந்திக்கொள்கிறது, கை அவசரப்படுவதில்லை. ஓடும் முயலுக்கு வளரி வீசியவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. அந்த ஒரு நொடியில் மூளை தூரம், திசை, விசை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது என்பர் சிலர். தேவையற்ற மற்ற வழிகளை அடக்கிவைக்கும் நேரம் அது என்பர் வேறு சிலர். நன்றாக எறிபவரின் கண் இயல்பாகவே அமைதியாக இருக்கிறது, அமைதி காரணமன்று விளைவே என்று ஐயப்படுவோரும் உண்டு. 2016இல் விக்கர்ஸின் கட்டுரையை முன்வைத்து ஓர் ஆய்விதழில் பலர் எழுதிய மறுப்புகளும் விளக்கங்களும் வந்தன. கண்ணைப் பயிற்றுவித்தால் எறிதலும் மேம்படுகிறது என்று சாமுவேல் வைன், மார்க் வில்சன் ஆகியோர் கோல்ஃபிலும் கூடைப்பந்திலும் நடத்திய சோதனைகள் காட்டுவதால், அதற்குக் காரணப் பங்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மட்டையாளர் எதைப் பார்க்கிறார்?

திண்டுக்கல்லில் இன்று குறி என்றால் கிரிக்கெட்தான். நத்தம் அருகே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்து வருகின்றன. 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றபோது சந்தைக்கடை முதல் பேருந்து நிலையம் வரை அதே பேச்சாக இருந்தது. மாமரமும் புளியமரமும் நிறைந்த நத்தம் பக்கத்தில் கல்லெறிந்து மாங்காய் அடித்த பிள்ளைகளின் பேரன்கள் இப்போது குச்சியைக் குறி வைத்து எறிகிறார்கள். (இராஞ்சியின் தீபிகா குமாரியும் சிறுவயதில் மாங்காய் அடித்துத்தான் குறி பழகினார், பின் உலக வில்வித்தையில் முதலிடம் வரை சென்றார்.)

"பந்தைப் பார்த்து ஆடு" என்பது எல்லாப் பயிற்சியாளரும் சொல்வது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய ஏறத்தாழ அரை நொடிதான் ஆகும். கண்டு, முடிவெடுத்து, அசைவைத் திருத்த அதில் ஐந்தில் ஒரு நொடி போய்விடும். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில், திறனில் வேறுபட்ட மூன்று மட்டையாளர்களின் தலையில் கருவியைப் பொருத்திப் பார்த்தனர். அவர்கள் பந்தைத் தொடர்ந்து பார்க்கவே இல்லை! பந்து விடுபடும் கணத்தைப் பார்த்தார்கள். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குத் தாவியது. அங்கே பந்து வந்து சேரும்வரை காத்திருந்தது. குத்தி எழுந்தபின் சிறிது நேரம் தொடர்ந்தது. சிறந்த மட்டையாளரின் கண் மற்றவர்களைவிட முன்னதாகவே தாவியது. 2013இல் டேவிட் மானும் உடனிருந்தோரும் உலகத் தரம் வாய்ந்த இரு மட்டையாளர்களைச் சோதித்தபோது, அவர்கள் பந்து மட்டையில் படும் இடத்துக்கும் முன்கூட்டியே கண்ணைக் கொண்டுபோனார்கள். தலை பந்துடன் திரும்பியது, கண் பந்துக்கு முன்னே ஓடியது.

கோடாங்கியின் குறி பார்த்தலை முதலில் சொன்னது இதற்காகத்தான். மட்டையாளர் பார்ப்பது பந்து இருக்கும் இடத்தையன்று, வரப்போகும் இடத்தை.

ஒரு கண்ணா, இரு கண்ணா?

கோலி ஆடும் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டிய உண்டிவில்லை இழுப்பவனும் அப்படியே. இதில் ஓரளவு நியாயம் உண்டு. இரு கண்ணும் இரு வேறு கோணத்தில் பார்ப்பதால் கிட்டத்திலுள்ள விரலும் எட்டத்திலுள்ள கோலியும் ஒரே நேரத்தில் ஒன்றாகத் தெரியா. ஏதாவது ஒன்று இரண்டாகத் தெரியும். ஆனால் மூளை பெரும்பாலும் ஒரு கண்ணின் பக்கமே சாய்கிறது. இதை 1593இல் இத்தாலியர் போர்த்தா எழுதினார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது வலக்கண்.

கண்டறிவது எளிது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கம்பம் மறைகிறதோ அதுவே மேலோங்கிய கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் மேலோங்கலும் உள்ள மாணவர் ஒரு வகுப்பில் சிலராவது இருப்பார்கள். வலக்கண்ணால் குறி பார்க்க அவர்களை வற்புறுத்தினால் அம்பு பக்கவாட்டில்தான் போகும்.

துப்பாக்கி வீரர்கள் ஒரு கண்ணை இறுக்கி மூடுவதில்லை. மூடினால் முகத்தசை இறுகும், திறந்த கண்ணும் களைக்கும். அதனால் மற்றக் கண்ணின் முன் சிறு மறைப்பை வைத்துக்கொள்கிறார்கள். 10 மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளை வென்றதும் இந்தப் பொட்டில்தான். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் மறைப்பேதும் இல்லாமல் இரு கண்ணும் திறந்தபடி, ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு கைத்துப்பாக்கிக் கலப்புப் பிரிவில் வெள்ளி வென்றதையும் உலகம் பார்த்தது.

ஒற்றைக் கண்ணின் பெருங்கதை மன்சூர் அலிகான் பட்டோடியுடையது. 1961இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவர் வலக்கண் பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்தார். ஆறு மாதத்துக்குள் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். தொடக்கத்தில் அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. உட்புறம் தெரிந்ததை அடிக்கப் பழகினார், பிறகு தொப்பியைச் சரித்து வலக்கண்ணை மறைத்துக்கொண்டார். அவருடைய முதல் டெஸ்ட் சதம், 103 ஓட்டங்கள், 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக வந்தது. மொத்தம் ஆறு டெஸ்ட் சதங்கள். இரு கண்ணிருந்தால் எத்தனை அடித்திருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. பந்து குத்தும் இடத்தை முன்னுணரும் மூளை இருந்தால் கண் ஒன்றே போதும் என்பதற்கு அவர் இருந்தார்.

கேரம்

நம் தெருக்களின் துப்பாக்கிப் போட்டி கேரம்தான். 74 செ.மீ. சதுரப் பலகை, நான்கு மூலைக் குழிகள், ஒரு சுண்டி. சென்னையின் மரிய இருதயம் இரு முறை உலக வாகையர் பட்டமும் ஒன்பது முறை தேசியப் பட்டமும் வென்று, 1996இல் அர்ச்சுனா விருது பெற்றார். வடசென்னை வியாசர்பாடியின் இளவழகி 2008இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவர் தந்தை ஆட்டோ ஓட்டுநர். விலையுயர்ந்த கருவி வேண்டாத ஆட்டம் என்பதால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது. கேரமில் கண் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: குழி, காய், காயில் சுண்டி தட்ட வேண்டிய புள்ளி. புதிதாக ஆடுபவர் மூன்றுக்கும் இடையே கண்ணை ஓட்டிக்கொண்டே சுண்டிவிடுகிறார். அனுபவப்பட்டவர் குழியைப் பார்த்து, காயைப் பார்த்து, அந்தப் புள்ளியில் நின்று, பிறகுதான் விரலை எடுக்கிறார்.

பதற்றம்

பதற்றம் வந்தால் முதலில் கெடுவது கண். பனிச்சறுக்கிக்கொண்டே வந்து சுடும் பயத்லான் வீரர்களிடம் 2007இல் விக்கர்ஸும் மார்க் வில்லியம்ஸும் நடத்திய ஆய்வில், நெருக்கடியில் அமைதிக் கண்ணை நீட்டிக்க முடிந்தவர்கள் தடுமாறவில்லை, குறைத்துக்கொண்டவர்கள் தவறவிட்டார்கள். கபிரியேலே வுல்ஃப் 1998 முதல் காட்டிவருவதும் இதற்கு நெருக்கமானதே. 'முழங்கையை நேராக வை' என்று தன் உடலைக் கவனிப்பவரைவிட, வளையத்தையோ பந்தின் போக்கையோ கவனிப்பவர் நன்றாகச் செய்கிறார். எங்கள் காலத்து உடற்கல்வி வகுப்பில் முழங்கை, மணிக்கட்டு, முட்டி என்று பாகம் பாகமாகத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

பள்ளி மைதானம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பந்தை எங்கே எறிந்தாலும் குச்சிக்கு ஒரு கை தள்ளியே போகும். பம்பரத்தில் ஆக்கர் வைக்கச் சொன்னால் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை. அது காலடியில் நடப்பது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வைத்த கேலிப் பெயரை நானும் ஒன்றிரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அணியில் சேர்க்கவில்லை. ஓராண்டு கழித்து ஊரில் நடந்த கண் சிகிச்சை முகாமில் அவனுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கரும்பலகையை அவன் பார்த்து எழுதியதே இல்லை, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். கண்ணாடி போட்ட வாரத்தில் அவன் எறிந்த ஐந்து பந்தில் மூன்று குச்சியில் பட்டன.

உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் எழுத்து அட்டையை வெளியிட்டது 1862இல். அதை 6 மீட்டரில் மாட்டினால் போதும். ஒரு வகுப்பைச் சோதிக்க ஒரு பாடவேளை ஆகும். அவனுக்குப் பிறகு நான் ஒவ்வொரு ஜூனிலும், விளையாட்டு அணிக்குப் பெயர் எழுதும் முன், வகுப்பின் பின்சுவரில் அந்த அட்டையை மாட்டத் தொடங்கினேன். முதல் ஆண்டிலேயே நாற்பத்திரண்டு பேரில் நான்கு பேர் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. அவர்களில் இருவரைக் 'கை வராதவர்கள்' என்று முந்தைய ஆண்டு நான் ஒதுக்கியிருந்தேன்.